மாடல் விமானக் கிட் தயாரிப்பவர்களுக்கு: வால் கனத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

வணக்கம்.

ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களுக்குக் கிட் செய்து விற்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். கையேட்டில் சொன்னபடியே ஒட்டி முடித்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் வால் தொப்பென்று கீழே போகிறது. புரட்டிப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'தேவைப்பட்டால் மூக்கில் எடை சேர்க்கவும்.' எவ்வளவு, எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை.

சி.ஜி. புள்ளிக்கு, அதாவது விமானம் சமமாக நிற்க வேண்டிய ஈர்ப்பு மையத்துக்கு, 60 செ.மீ. பின்னால், வாலில் 10 கிராம் கூடினால், 20 செ.மீ. முன்னால் இருக்கும் மூக்கில் 30 கிராம் வைத்தால்தான் ஈடாகும். வாலில் சர்வோ (வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்), அதன் மேல் கொஞ்சம் பெயின்ட், தாராளமாகத் தடவிய எபாக்ஸி பசை என்று சேர்ந்தால் 10 கிராம் சுலபமாகத் தாண்டிவிடும். அதையே 150 கிராம் பேட்டரியை 4 செ.மீ. முன்னால் தள்ளியும் சரிக்கட்டலாம், மொத்த எடை ஒரு கிராம்கூட ஏறாது. ஆனால் தள்ள இடம் வேண்டுமே! உங்கள் பேட்டரி அறையில் வெல்க்ரோ பட்டையைக் கட்டி முடித்தால் முன்சுவருக்கும் பேட்டரிக்கும் நடுவே விரல் நுழையாது. அந்த அறையை நீளமாக வெட்டிக் கொடுங்கள். எங்களில் பாதிப் பேருக்கு மூக்கில் எடைக்கு வைக்கும் ஈயமே வேண்டியிருக்காது.

முதல் உலகப் போர் காலத்து சாப்வித் கேமல் போன்ற குட்டை மூக்கு விமானங்கள் வேறு கதை. அசலில் கனமான சுழல் இன்ஜின் மூக்கிலேயே இருந்தது. மாடலில் அங்கே இருப்பது சின்ன மின்மோட்டார். ஈயம் வைக்காமல் தீராது, சரி. அப்போது எத்தனை கிராம் ஆகும் என்பதைப் பெட்டியின் மேலேயே போடுங்கள், அதை வைக்க மோட்டார் பக்கத்தில் ஒரு குழியும் விடுங்கள்.

அப்புறம் சி.ஜி. எங்கே என்று சொல்ல நீங்கள் போடும் அந்த 'இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 75 மி.மீ.' விவகாரம். பின்சாய்ந்த இறக்கையில் உடலை ஒட்டி அளந்தால் ஒரு இடம், நுனிப்பக்கம் அளந்தால் வேறு இடம். எங்கிருந்து அளப்பது என்று படத்தில் காட்டுங்கள். ஒற்றை எண்ணுக்குப் பதில் '70 முதல் 75 வரை' என்று எல்லை கொடுத்தால் முதல் பறப்புக்கு 70-இல் வைப்போம். எரிபொருள் இன்ஜின் என்றால் காலி டேங்கோடு பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் பெரும்பாலும் சி.ஜி.க்கு முன்னால்தான் இருக்கும், எரிபொருள் தீரத் தீர வால் கனக்கும்.

மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவுதான். வால் கனத்ததில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) லேசாகத் தொட்டாலே மூக்கு செங்குத்தாக எகிறி, வேகம் செத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். பழகிய கையே திணறும் இடம் அது.

ஏற்கெனவே விற்றுப்போன கிட்டுகளுக்குத் திருத்தத் தாள் போடுவதானால், புதிதாகக் கற்பவர்களுக்கான விமானங்களில் இருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டுகளைத் தொடர்ந்து வாங்கும் ஒருவன்