விளையாட்டும் வரவில்லை, பணமும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செம்பனைத் தோட்டத்தில் பள்ளி விடுமுறைக்கு உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த 200 வெள்ளியை, இணையத்தில் நிதி திரட்டிய ஒரு வீடியோ கேமுக்கு என் மகன் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 'விரைவில்' என்ற மின்னஞ்சல் மட்டும் தீபாவளி வாழ்த்தைப்போல் ஆண்டுக்கொருமுறை தவறாமல் வருகிறது.

2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் ஏறத்தாழ 3.8 மில்லியன் டாலர் திரட்டிய 'மைட்டி நம்பர் 9' என்ற வீடியோ கேமும் இப்படித்தான்; 2015 ஏப்ரலில் வருமென்று சொல்லப்பட்டு 2016 ஜூனில்தான் வந்தது. தருவதாக வாக்குறுதி கொடுத்த கையடக்கக் கருவிப் பதிப்புகள் வரவேயில்லை. கிக்ஸ்டார்ட்டரோ தான் கடையல்ல என்று 2012-லேயே கூறிவிட்டது. (தோட்டத்தில் கூட்டுச் சீட்டுப் பிடிப்பவர் ஏமாற்றினால் அவர் வீட்டுக் கதவையாவது தட்டலாம்.)

பங்கு கொடுத்துத் திரட்டும் நிதிக்கு 2015-இலேயே விதி வகுத்த நம் மலேசியா, பொருள் தருவதாகச் சொல்லி வாங்கும் பணத்தையும் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
சுங்கை சிப்புட்