மூன்றாவது சாக்கு: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் மூன்று சாக்குகள் இருக்கின்றன. முதலாவதில் உக்கும் குப்பை. அது வாழையடிக்குப் போய்விடும், அதில் உங்களுக்கு வேலை இல்லை. இரண்டாவதில் பிளாஸ்ரிக், பொலித்தீன். அதைச் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் உழவு இயந்திரம் வந்து எடுத்துப் போகிறது. மழை நாட்களில் வராது, ஆனாலும் பெரும்பாலும் வருகிறது, அதற்கு நன்றி. மூன்றாவதில் ஆபத்தான குப்பை. அந்தச் சாக்கைத்தான் யாரும் எடுப்பதில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால், பேரன் எட்டாத உயரத்தில், ஆணியில் தொங்குகிறது. மூன்று வருடமாகத் தொங்குகிறது.

போன கிழமை அதை இறக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு பழைய தகரத்தில் பரப்பிப் பார்த்தேன். செத்துப்போன சுருள் பல்புகள் பதினொன்று. ரோச் லைற் பற்றரிகள் இரண்டு கை நிறைய, சிலதில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஊதிப் பெருத்த கைபேசிப் பற்றரி இரண்டு. என் கணவருக்குச் சீனி வருத்தம், அவர் போட்டு முடித்த இன்சுலின் ஊசிகள் ஒரு சோடாப் போத்தல் நிறைய. கல்லாக இறுகிய பெயின்ற் ரின் ஒன்று. அப்புறம் அப்பா பயிருக்கு அடித்த மருந்துப் போத்தல்கள் மூன்று. அப்பா இல்லை, போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றின் லேபலை எலி அரித்துவிட்டது. உள்ளே கால்வாசி கிடக்கிறது, என்ன மருந்து என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று பரகுவாட் என்ற களைநாசினி. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் வளவுப் பற்றையை அழிக்க எங்கேயோ வாங்கியது. ஒரு மிடறு போதும், மாற்று மருந்து கிடையாது. அந்த மருந்தை 2008 தொடக்கம் 2011 வரை நாட்டில் படிப்படியாக விலக்கினார்கள். கடைத் தட்டிலிருந்து அது போய்விட்டது. எங்கள் தாழ்வாரத்துக்கு யாரும் வரவில்லை.

இந்தச் சாக்கை உங்கள் தொழிலாளி ஒருவரிடம் ஒருமுறை நீட்டினேன். கையில் கையுறை இல்லை, ஒரு பொலித்தீன் பையைச் சுற்றியிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அக்கா, இதை நாங்கள் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? எல்லாத்தோடையும் சேர்த்துத்தான் கொட்டுவம். பிறகு ஆரோ ஒரு ஆள் நெருப்பு வைக்கும்." உண்மையைச் சொன்னார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊசிப் போத்தல் உடைந்தால் குத்துவது அவருடைய கையில்தான்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். சாக்கு வைத்திருப்பது நானும் இன்னொருவரும்தான். மற்றவர்களிடம் இருப்பது கிடங்கு.

கிடங்கு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2010இல் ஊருக்குத் திரும்பியபோது வளவுக்கு வளவு, சண்டைக் காலத்தில் பதுங்க வெட்டிய ஒரு பங்கர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மண் வெட்டி மூட ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. குப்பையால் மூடினோம். உயிரைக் காப்பாற்றிய குழிக்குள்தான் செத்த பற்றரியையும் மருந்துப் போத்தலையும் போட்டோம். எங்கள் பங்கரிலிருந்து கிணறு இருபது எட்டு வைக்கும் தூரம்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த அந்த இரவுக்குப் பிறகு, தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்து நான் முதலில் பார்த்தது கிணற்றைத்தான். உள்ளே ஒரு மருந்துப் போத்தல் மூடியோடு மிதந்தது. வாளியை விட்டு மூன்று தரம் தவறி, நாலாவது தரம்தான் அது அகப்பட்டது. மூடி இறுகியிருந்ததா, கொஞ்சம் தளர்ந்திருந்ததா? எடுக்கும்போது நானே திருகிவிட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கிணற்றை இறைத்தோம், குளோரின் போட்டுத் தந்தார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும். களைநாசினியை என்ன செய்யும் என்று போட வந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக வருத்தத்தை நான் இதற்குள் இழுக்கப்போவதில்லை. அதற்குக் காரணம் இன்னதுதான் என்று ஆய்வு செய்கிறவர்களே இன்னும் ஒரு சொல்லுக்கு வரவில்லை. ஆனால் கிணற்றில் ஒன்று கலந்த பிறகு அதை எடுப்பது என்ன பாடு என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் எங்களுக்குக் காட்டியிருக்கிறது. கிணறுகளில் கழிவு ஒயில் கலந்த அந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல்தான் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அது பெரிய மின்நிலையத்துக் கதை என்று நீங்கள் சொல்லலாம். சரி. எங்கள் ஊரில் எத்தனை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின், எத்தனை தண்ணீர் இறைக்கும் மெசின், எத்தனை மோட்டார் சைக்கிள்? ஒயில் மாற்றினால் கழிவு எங்கே போகிறது? கறையான் பிடிக்காமல் வேலிக்கட்டைக்குக் கொஞ்சம் பூசுகிறோம், மிச்சம் வாய்க்காலோரம்.

இன்னொரு காட்சியையும் சொல்லவேண்டும். குளத்தில் வலை வீசும் ஒருவர் வீச்சுவலைக்கு ஈயமணி வார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஈயப் பற்றரி ஒன்றைக் கத்தியால் பிளந்து, ஆசிட்டை வேலியோரம் ஊற்றிவிட்டு, தகடுகளைத் தாச்சியில் போட்டு மூன்று கல் அடுப்பில் வைத்திருந்தார். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதற்கு விறகடுப்பே போதும். உருகியதும் வெள்ளி மாதிரி ஓடியது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பக்கத்தில் குந்தியிருந்து வாய் பார்த்தன. பொய் சொல்வானேன், நானும் நின்று பார்த்தேன், அவ்வளவு வடிவு. பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் பிறகுதான் அறிந்தேன். வளரும் மூளையைத்தான் அது பிடிக்கும். வேலை முடிந்ததும் அந்தத் தாச்சியைக் கழுவிக் குசினி வாசலில் கவிழ்த்து வைத்ததையும் என் கண்ணால் கண்டேன்.

குப்பை எதுவென்றாலும் எங்கள் ஊர் வைத்தியம் நெருப்புத்தான். மருந்துப் போத்தலை எரித்தால் அதன் நஞ்சு புகையோடு மூக்குக்கு வருகிறது. நுளம்பு ஸ்பிறே ரின் வெடிக்கும், கைபேசிப் பற்றரியும் வெடிக்கும். இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. சண்டை நடந்த எங்கள் வன்னியில் நெருப்பு மூட்டும் நிலத்துக்குள்ளேயே என்ன கிடக்கிறதென்று தெரியாதே! குப்பைக்குத் தீ வைத்தபோது வெடித்தது என்ற செய்தி எங்களுக்குப் புதிதா? கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் நாடு 2017இல் சேர்ந்தது, அகற்றுகிறவர்களும் எத்தனையோ வருடமாக முழங்காலில் நின்று வேலை செய்கிறார்கள். அந்த மண்ணில் கிடங்கு வெட்டி எரியுங்கள் என்று சனத்துக்கு இனியும் சொல்லாதீர்கள். எரிக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்வதானால் வேறு வழியையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நீங்கள் வரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. மருந்து முடிந்த போத்தலை அங்கேயே மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரைத் தெளிக்கிற மெசினுக்குள்ளேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிடச் சொல்கிறோம். அப்புறம் போத்தலின் அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் அதில் மண்ணெண்ணெய் வாங்கப் போகமாட்டார்கள். சுருள் பல்பு உடைந்தால் உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. ஆட்களை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, விளக்குமாறு போடாமல் மட்டையால் அள்ளி மூடியுள்ள போத்தலில் போடவேண்டும். பற்றரிகளின் முனையில் செலோரேப் ஒட்டுகிறோம். இவ்வளவும் செய்து முடித்தால் மிஞ்சுவது என்ன? இன்னும் பெரிய சாக்கு.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வருடத்தில் இரண்டு நாள் எங்களுக்குத் தாருங்கள். காலபோக அறுவடை முடிந்து ஒரு நாள், சிறுபோகம் முடிந்து ஒரு நாள். அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு வீட்டிலும் வெறும் மருந்துப் போத்தல் குவிந்து கிடக்கும். இடம் பெரிதாக வேண்டாம். சீமெந்துத் தரை, கூரை, பூட்டு உள்ள ஓர் அறை, வெள்ளம் ஏறாத மேட்டில். உள்ளே நாலைந்து பீப்பாய்: மருந்துக்கு ஒன்று, பற்றரிக்கு ஒன்று, பல்புக்கு ஒன்று, ஒயிலுக்கு ஒன்று, ஊசிக்குத் தனியாக. நிற்கிற தொழிலாளிக்குக் கையுறை, சப்பாத்து. ஒன்றோடொன்றை ஊற்றிக் கலக்கக்கூடாது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். குளோரினும் கழிவறை கழுவும் அசிட்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. யாராவது வெடிபொருள் மாதிரி ஒன்றைக் கண்டால் அது இந்த அறைக்கு வரக்கூடாது. தொடாமல் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவிக்கவேண்டும் என்பதையும் வாசலில் எழுதிவிடுங்கள்.

சேர்த்ததை எங்கே அனுப்புவது என்று கேட்பீர்கள். ஆபத்தான கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதி கொடுக்கிறது, 2008இலிருந்து அதற்கு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. புத்தளத்தில் சீமெந்துச் சூளையில் இப்படியான கழிவைப் போட்டு எரிக்கும் வசதி இருக்கிறது. சூளைக்குள் 1400 பாகைக்கு மேல் வெப்பம், எங்கள் கிடங்கு நெருப்பு அதற்குக் கிட்டவும் வராது. எங்களால் ஒரு சாக்கோடு பஸ் ஏறிப் புத்தளம் போக ஏலாது. சபைக்கு ஒரு லொறி அனுப்ப ஏலும். பக்கத்துச் சபைகள் இரண்டு மூன்று சேர்ந்தால் செலவு இன்னும் குறையும்.

காசில்லை என்ற பதிலை நான் எதிர்பார்க்கிறேன், அது பொய்யும் இல்லை. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி குப்பை அகற்றுவது உங்கள் கடமை. சேர்த்த குப்பை சபையின் சொத்து என்றும் அதில் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் சொத்தைத்தான் நான் மூன்று வருடமாக வாடகை இல்லாமல் கோழிக்கூட்டில் வைத்திருக்கிறேன். மருந்து விற்கிற கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். நிறைந்த போத்தலை ஏற்றி வருகிற வாகனம் வெறும் போத்தலை ஏற்றிக்கொண்டு திரும்பினால் என்ன?

2023 மார்ச் தொடக்கம் இரண்டு வருடத்துக்கு மேல் சபையே இல்லாமல் இருந்தோம். 2025 மே தேர்தலுக்கு வாக்குக் கேட்டு எங்கள் படலையைத் திறந்து வந்தவர்களில் மூன்று பேர் அந்தக் கோழிக்கூட்டுப் பக்கமாகத்தான் நடந்து போனார்கள். ஒருவர் சாக்கில் தலையை இடித்துக்கொண்டு, "என்ன அக்கா இது?" என்றும் கேட்டார். அவர் இப்போது உறுப்பினர். அன்று தேநீர் குடிக்கிற அவசரத்தில் பதிலைச் சரியாகக் கேட்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

அடுத்த மாத அமர்வுக்குப் பொதுமக்கள் இருக்கையில் வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். சாக்கோடு வருவதா, சாக்கில்லாமல் வருவதா என்பதை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து வாக்காளர் ஒருத்தி