பகல் கொசு

அம்மாடி,

நேற்று போனில், ராத்திரி கொசுவத்தி ஏற்றிவைத்துத்தான் படுக்கிறேன் என்றாய். சரி, வை. ஆனால் டெங்கு கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில், அதுவும் விடிந்த கொஞ்ச நேரத்துக்கும் இருட்டுவதற்கு முன்னாலும்தான் ரொம்பக் கடிக்கும். அதாவது நீ பால்கனியில் காபியோடு உட்காருகிற நேரம்.

தெருச் சாக்கடையைத் திட்டினாயே, அதில் வருவது வேறு ஜாதிக் கொசு. டெங்கு கொசுவுக்கு வீட்டிலும் கொல்லையிலும் தேங்கும் நல்ல தண்ணீர் போதும். 2006-இல் இதே கொசு பரப்பும் சிக்குன்குனியா வந்தபோது நீ ஆறாவது படித்தாய். சாக்கடை முழுக்க பிளீச்சிங் பவுடர் கொட்டினேன், கடைசியில் பார்த்தால் கொல்லையில் யாரும் தொடாத ஆட்டுக்கல், குழி நிறைய மழைத்தண்ணீர், டார்ச் அடித்ததும் நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. அதற்கப்புறம் மூன்று மாதம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். முட்டி இன்னமும் முழுசாகச் சரியாகவில்லை.

உன் வீட்டில் ஆட்டுக்கல் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு இருக்கிறது, ஏசிக்கு வைத்த வாளி, மணி பிளான்ட் பாட்டில். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பத்தாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவு, ஏனென்றால் முட்டை பாத்திரத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான், அதனால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை.

பூங்காவில் ஓடப் போனால் முழுக்கை சட்டை. சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி கிரீம், லேபிளில் டீட் அல்லது பிக்காரிடின் என்று பார்த்து வாங்கு. கையில் மாட்டுகிற பட்டையெல்லாம் காசுக்குக் கேடு.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். காய்ச்சல் விட்டதென்று மறுநாளே ஆபீஸ் கிளம்பிவிடாதே, டெங்குவில் ஆபத்தான கட்டமே அதுதான்: வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அம்மா நிலவேம்புப் பொடி அனுப்புகிறாள். குடி, ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதே. நான் இப்படிச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே.

இப்போது எழுந்துபோய் ஃபிரிட்ஜை நகர்த்தி அந்தத் தட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கழுவுவதற்கு முன்னால்.

அப்பா