நூற்றுக்கு நூறு என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை.  அக்காவிடம் நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன், அவளே உனக்கு எழுதுவாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வழக்கம்போல மெதுவாகப் பதில் போடலாம் என்றுதான் இருந்தேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கட்டியிருக்கும் இணையதளத்தை லைட்ஹவுஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்தீர்களாம், அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளாலும் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கு, 100க்கு 100 வந்துவிட்டதாம், 'மாற்றுத்திறனாளிகள் விஷயம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறாய். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து சட்டென்று தீர்ப்புச் சொல்வாயே, அந்தப் பழக்கம் உன்னை விட்டு இன்னும் போகவில்லை! நூறு வாங்கியதற்கு மனதார வாழ்த்து. பல பேர் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடுவதில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பித் தளத்தைத் திறந்துவிடாதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சமீபத்தில் நாங்கள் சோதித்த ஒரு தளம் அப்படி. யாருடையது என்பது வேண்டாம். தானியங்கிக் கருவி அதிலும் ஒரு குறையும் காட்டவில்லை. எங்கள் குழுவில் பார்வையில்லாத சோதனையாளர் ஒருவர் இருக்கிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை அவர் ஓட்டும் வேகத்தில் கேட்டால் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவருக்கு அதுதான் சாதாரண வேகம். உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. ஆறு எண்ணுக்கு ஆறு பெட்டி. பக்கத்திலேயே 'இன்னும் 59 விநாடி, 58 விநாடி' என்று குறைந்துகொண்டே வரும் கடிகாரம். யாரோ நல்ல எண்ணத்தில், அந்த எண் மாறும்போதெல்லாம் திரைவாசிப்பான் உடனே படிக்க வேண்டும் என்று நிரலில் குறித்துவைத்திருந்தார்கள். அதுவும் படித்தது. ஒவ்வொரு விநாடியும் படித்தது. அவர் ஒரு எண்ணை அடிப்பார். அடித்தது என்ன என்று கணினி சொல்ல வாயெடுக்கும். அதற்குள் '51 விநாடி' என்று குறுக்கே வந்து விழும். ஒரு காதில் போன் ஓடிபியை வாசிக்கிறது, இன்னொரு காதில் கணினி விநாடியை எண்ணுகிறது. தான் அடித்தது நான்கா ஐந்தா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. நேரம் முடிந்ததும் ஆறு பெட்டியும் காலியாகி, 'மீண்டும் அனுப்பு' என்ற பட்டன் வந்தது. அது வந்த செய்தியை மட்டும் திரைவாசிப்பான் சொல்லவில்லை.

கருவியைப் பொறுத்தவரை இதில் தப்பே கிடையாது. பெட்டிகளுக்கு லேபிள் இருக்கிறது. பட்டனுக்குப் பெயர் இருக்கிறது. கடிகாரத்துக்குப் போட்ட குறி இலக்கணப்படி சரியானது. தனித்தனியாக எல்லாம் சரி, ஆனால் ஒரு மனிதரால் உள்ளே போக முடியவில்லை. நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான்: வந்தவர் தன் வேலையை முடித்துக்கொண்டு போனாரா என்று பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை. அதை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது.

நான் கருவிகளுக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. தினமும் ஓட்டுகிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய 4.5க்கு 1 என்ற நிறவேறுபாடு இருக்கிறதா, படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை விட்டுப்போயிருக்கிறதா, லேபிள் இல்லாத பெட்டி உண்டா என்றெல்லாம் நொடியில் பிடித்துக் கொடுத்துவிடும். இணைய அணுகல்தன்மைக்காக வேலை செய்யும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2025இல் அதில் 94.8 சதவீதப் பக்கங்களில், கருவிக்கே தெரிகிற குறைகள் இருந்தன. எழுத்து மங்கலாக இருப்பதுதான் அதில் முதலிடம். அதனால் கருவி வேண்டும், அது முதல் சல்லடை. சலித்ததோடு சமையல் முடிந்துவிட்டது என்று நீ சொல்வதுதான் என் கவலை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைத் துறை 2017இல் ஒரு காரியம் செய்தது. வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கத்தைக் கட்டி, கருவிகளை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகச் செய்த கருவி பிடித்தது 40 சதவீதம். மோசமாகச் செய்தது 13 சதவீதம். 29 சதவீதத் தடைகள் எந்தக் கருவியின் கண்ணிலும் படவே இல்லை. அதற்குப் பிறகு கருவிகள் தேறியிருக்கின்றன. ஆனால் மாற்று உரை இருக்கிறதா என்று சொல்லும் கருவியால், 'படம் 1' என்று எழுதிவைத்தது உதவாது என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நீயே இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். மவுஸைக் கழற்றி வை. டேப் விசை, எண்டர், ஸ்பேஸ், எஸ்கேப், அம்புக்குறிகள், இவ்வளவுதான் உன் கை. முகப்பிலிருந்து கிளம்பிப் பணம் கட்டி ரசீது வாங்கும் வரை போய்ப் பார். டேப் அழுத்தும்போதெல்லாம் நீ எங்கே நிற்கிறாய் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் வடிவமைப்பாளர் அழகு கெடுகிறது என்று, நீ நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கட்டத்தை எடுத்திருப்பார், நிறைய இடத்தில் இதுதான் நடக்கிறது. மேலே ஒட்டிக்கொண்டே வரும் பட்டை அதை மறைக்கக் கூடாது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற சர்வதேச இணைய அணுகல்தன்மை விதித்தொகுப்பில் இதற்கென்றே புதிதாக விதி சேர்த்திருக்கிறார்கள். தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டிக்குள் போனால் வெளியே வர முடிகிறதா பார். குட்டித் திரை ஒன்று திறந்தால் டேப் அதற்குள்தானே சுற்ற வேண்டும்? பின்னால் மறைந்திருக்கும் பக்கத்தில் போய் அலையும். மூடினால், திறந்த இடத்துக்கே திரும்ப வர வேண்டும். பாதித் தளங்களில் பக்கத்தின் உச்சிக்குப் போய் நிற்கும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து டேப். கை நடுங்குகிறவர், வாயில் குச்சி வைத்து விசை அழுத்துகிறவர் இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்று யோசித்துப் பார். எனக்கு இதில் கோபம் வரும், உனக்குத் தெரியும்.

அப்புறம் பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார். ஒரு வரியைப் படிக்க இடமும் வலமும் தள்ள வேண்டியிருந்தால் தோற்றுவிட்டாய். படிவத்தில் வேண்டுமென்றே தப்பு செய். பிழை சிவப்பில் மட்டும் வருகிறதா, சொல்லிலும் வருகிறதா, திரைவாசிப்பான் அதைப் படிக்கிறதா? தமிழ்ப் பக்கத்தின் நிரலில் மொழி 'ஆங்கிலம்' என்றே குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அப்படி இருந்தால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் புகுந்து, பல கணினிகளில் எழுத்துகளை அப்படியே விழுங்கிவிடும். இந்தக் குறி இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அது உள்ளிருக்கும் மொழியோடு பொருந்துகிறதா என்பதை நீதான் பார்க்க வேண்டும். காசில்லை என்று சாக்குச் சொல்லாதே. என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத ஒருவர் 2006இல் தொடங்கி, பார்வையில்லாத தன் நண்பரோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது.

உங்கள் பையன்கள் ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு தளத்தைப் பயன்படுத்திப் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கண்ணைக் கட்டிய ஒருவனுக்குக் கிடைப்பது திடீரென்று பார்வை போனவனின் தடுமாற்றம். பல வருடம் திரைவாசிப்பானோடு பழகியவர் தலைப்புக்குத் தலைப்பு எச் விசையில் தாவுவார், பட்டன்களுக்கு பி விசையில் போவார். அந்தப் பழக்கம் உங்கள் பையன்களுக்கு ஒரு நாளில் வராது. 'ஐயோ பாவம்' என்ற எண்ணம் மட்டும்தான் மிஞ்சும், உங்கள் தளத்தில் தலைப்புகள் தப்பாக அடுக்கப்பட்டிருப்பது அப்படியே இருக்கும். உன் முதலாளி சொன்ன விட்ஜெட்டும் வேண்டாம். ஒரு வரி நிரல் சேர்த்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, அமெரிக்காவில் நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைத் தடுக்கும் எஃப்டிசி ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இதை அவரிடம் சொல், காது கொடுப்பார்.

இன்னொன்று, கொஞ்சம் கனமானது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தந்த தீர்ப்பைப் படித்தாயா? வங்கிக் கணக்குக்கான ஆன்லைன் அடையாளச் சரிபார்ப்பில், எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தான் என்று காட்டக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த ஒருவர் எப்படிச் சிமிட்டுவார்? பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கு அது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 வழிகாட்டுதல்களைக் கொடுத்தார்கள். பார்வையற்றவர்களைப் பயனர் சோதனையில் சேர்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எனக்கு மனதை அறுத்தது என்னவென்றால், அந்தச் சிமிட்டலை வடிவமைத்த இடத்தில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது. மூட முடியாத கண்ணோடு ஒருவர் வருவார் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆட்களைக் கூப்பிடு. ஒருவர் போதாது. திரைவாசிப்பானில் ஒருவர் வெற்றிகரமாக முடித்தார் என்றால் அது அவருக்கு வேலை செய்தது என்றுதான் அர்த்தம். எங்களிடம் குரலால் கணினியை இயக்கும் ஒருவர் இருக்கிறார். பட்டனில் 'பணம் கட்டு' என்று எழுதியிருக்கும், நிரலில் அதன் பெயர் வேறு என்னவோ இருக்கும். அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்வார், பட்டன் அசையாது. அதே பட்டனைத் திரைவாசிப்பான்காரர் எந்தச் சிரமமும் இல்லாமல் அழுத்திவிட்டுப் போயிருப்பார். காது கேளாதவர், பெரிய எழுத்தில் படிப்பவர், நீண்ட வாக்கியத்தில் தடுமாறுபவர் என்று ஒவ்வொருவரும் காட்டும் இடம் வேறு வேறு.

உன் தளத்தை நாங்கள் சோதித்துத் தருகிறோம். எனக்கு எதுவும் தர வேண்டாம், ஆனால் வரும் சோதனையாளர்களுக்கு உன் மற்றச் சோதனையாளர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம். சான்றிதழும் சால்வையும் கொடுத்து அனுப்பினால் நமக்குள் பேச்சு இல்லை. நிரல் எழுதிய பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், 'அந்த இடது பக்கப் பட்டனை அழுத்துங்க' என்று நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. கண்டுபிடிக்கும் குறைகளைத் திருத்திய பிறகு அதே ஆட்கள் இன்னொரு முறை பார்ப்பார்கள். அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்கு, திறப்பு விழாத் தேதியைத் தள்ளிப்போட வேண்டியிருந்தாலும் சரி.

நிஜப் பணம் போகாத சோதனைப் பிரதி ஒன்றின் முகவரியும், நான்கைந்து பேருக்கு லாகினும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவை. ஓடிபி பக்கத்தில் உங்களிடமும் கடிகாரம் ஓடுகிறதா என்று முதலில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்