மாசியில் வா, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிசம்பர் டிக்கெட் விலையைப் பார்த்து நீ தலையில் கை வைத்ததாக அம்மா சொன்னாள். நல்லதாகப் போயிற்று. டிசம்பரில் வராதே. மாசியும் பங்குனியும் சேரும்படி, மார்ச் மாதம் பார்த்து வா. "சென்னையில பீச் தவிர என்ன இருக்கு தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். அந்த பீச்சையே அவள் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை என்பதுதான் என் பதில்.

டிசம்பரில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது சபா கேன்டீனும் மழையும். 2023-ல் மிக்ஜாம் புயலுக்கு விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், நினைவிருக்கும். பொங்கலுக்கு வரலாம் என்பாய். காணும் பொங்கலன்று மெரினாவில் மணலே தெரியாது. கடலில் இறங்கவிடாமல் கட்டை கட்டித் தடுத்திருப்பார்கள். தொலைந்தால் கண்டுபிடிக்க, குழந்தைகள் கையில் போலீஸ்காரர்கள் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். பார்க்க வேடிக்கைதான், ஆனால் என் முட்டிக்கு அந்தக் கூட்டம் ஆகாது.

மாசி மகம் அப்படி இல்லை. அன்றைக்குச் சாமிகளே கடலுக்கு வருகிறார்கள். மயிலாப்பூரிலிருந்து கபாலீஸ்வரர் வருவார், திருவல்லிக்கேணியிலிருந்து பார்த்தசாரதி கருடன் மேல் வருவார், குப்பத்து அம்மன்களும் வருவார்கள். பெரிய சாமி கரையிலேயே நின்றுகொள்ளும். சிவனுக்காக அஸ்திர தேவரையும் பெருமாளுக்காகச் சக்கரத்தாழ்வாரையும் அர்ச்சகர்கள் அலைக்குள் எடுத்துப்போய் முக்கி எடுப்பார்கள். வேட்டி தொடை வரை நனைந்து, சாமியை மார்போடு பிடித்துக்கொண்டு, அடுத்த அலை எப்போது வரும் என்று ஒரு கண் கடலிலேயே வைத்திருப்பார்கள். அவர்கள் முங்கியதும் பின்னால் நிற்கிற கூட்டமும் திபுதிபுவென்று இறங்கும். பக்கத்திலேயே ஒருவர் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்றுக்கொண்டிருப்பார். இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்திலேயே மயிலையின் மாசிக் கடலாட்டு வருகிறது. ஓணமும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும்கூட அதில் உண்டு. எலும்பாய்க் குடத்தில் கிடந்த பூம்பாவை என்ற பெண்ணை, 'இந்தத் திருவிழாவையெல்லாம் பார்க்காமலா போவாய்?' என்று கேட்டுக் கேட்டே எழுப்பியிருக்கிறார். நானும் உன்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பூம்பாவை எழுந்த கதையை, கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் குளக்கரையில் நடத்திக் காட்டுவார்கள். அன்று பிற்பகல் அறுபத்து மூவர் உலா. நாயன்மார்கள் சின்னச் சின்ன உருவமாக, பல்லக்குக்கு நான்கு பேராக, கபாலியைப் பார்த்தபடி வருவார்கள். முண்டகக்கண்ணி அம்மனும் கோலவிழி அம்மனும் சேர்ந்துகொள்வார்கள். மாட வீதியில் நாலடிக்கு ஒரு மோர்ப் பந்தல். வேண்டாம் என்றாலும் கையில் புளியோதரையைத் திணித்துவிடுவார்கள். பேத்திக்குச் சொப்புச் சாமான் அங்கேதான் வாங்க வேண்டும், கடையில் வாங்கினால் அந்தப் பேரம் இல்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு விஷயம் சொல்லிவிடு. கோயிலில் கொடி ஏறிவிட்டால் விழா முடியும் வரை அம்மா வீட்டில் மீன் ஏற்ற மாட்டாள். அதற்கு முன்பே காசிமேட்டுக்கு ஒரு நடை போய்விடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்புறம் வஞ்சிரத்தைத் தொட முடியாது. ஆக, எப்படிக் கணக்குப் போட்டாலும் மார்ச்தான்!

இன்னொன்றும் இருக்கிறது. பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் ஜனவரியிலிருந்தே முட்டையிடக் கரையேறும். ஒரு தாய் நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். நாய்கள் தோண்டாமல் இருக்க, அவற்றை எடுத்துப் பெசன்ட் நகரில் வேலி போட்ட இடத்தில் புதைத்து வைக்கிறார்கள். 1988-லிருந்து கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டை தேடுகிறார்கள். ஏறக்குறைய 45 நாளில் பொரிந்துவிடும், அதனால் மார்ச்சில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஜீவன், மணலில் ஒரு கால்தடக் குழியே அதற்குப் பெரிய பள்ளம். விழுந்து, புரண்டு, மறுபடி ஏறும். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும் என்பதால் ரோட்டு விளக்கைப் பார்த்துத் திரும்பிவிடுவதும் உண்டு. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. பேத்தி கேட்டால் இதை மறைக்காமல் சொல்.

பெசன்ட் நகர்க் கரையிலேயே ஷ்மிட் நினைவு மண்டபத்தையும் காட்டலாம். 1930-ல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தான் இறந்த டென்மார்க் மாலுமிக்குக் கட்டியது. செல்ஃபி எடுக்கிற பாதிப் பேருக்கு அது தெரியாது.

எம்ஜிஆர் சமாதிக்குக் கட்டாயம் கூட்டிப்போவேன். அவருடைய கைக்கடிகாரம் உள்ளே இன்னும் ஓடுகிறதாம். கல்லில் காதை வைத்துக் கேட்க வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். "கேக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே எழுவார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் பின்னாலிருந்து "சீக்கிரம் எழுந்திருங்க சார்" என்றதுதான்.

டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, நாளைக்கே முறுக்கு மாவு அரைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா