அம்மாவின் தாலாட்டுக்கு யார் பூட்டுப் போட்டது?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் காங்கிரஸ் நிறைவேற்றி, 1992 அக்டோபர் 28 அன்று மூத்த புஷ் கையெழுத்திட்ட ஆடியோ ஹோம் ரெக்கார்டிங் சட்டத்தை, அதாவது வீட்டில் டிஜிட்டலாக ஒலி பதிவதற்கும் நகலெடுப்பதற்கும் விதி வகுத்த சட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதையெல்லாம் இன்னும் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டு அலமாரியில் இருக்கும் சிடி ரெக்கார்டர் வைத்திருக்கிறது.

2001 குளிர்காலத்தில் அம்மா நியூ ஜெர்சிக்கு வந்திருந்தார். என் மகள் அப்போது கைக்குழந்தை. அவளைத் தூங்கவைக்க அம்மா பாடிய தாலாட்டை, ஒரு மைக்கும் சின்ன ஒலி மிக்சரும் வைத்து அந்த ரெக்கார்டரில் பதிந்தேன். எந்தக் கம்பெனியின் இசையும் அதில் ஒரு நொடிகூட இல்லை. பின்னணியில் ஹீட்டர் சத்தம்தான் உண்டு. அதிலிருந்து டிஜிட்டலாக ஒரு நகல் எடுத்து டல்லஸில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் ரெக்கார்டரில் போட்டு அக்காவுக்கு ஒன்று எடுக்கப் பார்த்தார். நகலெடுக்க முடியாது என்று திரையில் வந்தது. உடனே எனக்குப் போன். “என்னடா, அம்மா பாட்டுக்குமா பூட்டுப் போட்டு அனுப்புவ?”

பூட்டைப் போட்டது நானில்லை, உங்கள் சட்டத்தின் 1002-ஆம் பிரிவு. வீட்டு உபயோக டிஜிட்டல் ரெக்கார்டர் ஒவ்வொன்றிலும் எஸ்.சி.எம்.எஸ். என்ற நகல் கட்டுப்பாடோ அதற்கு ஈடானதோ இருந்தாக வேண்டும் என்கிறது அது. கடையில் வாங்கிய சிடியிலிருந்து டிஜிட்டல் நகல் எடுக்கலாம், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்க முடியாது. சரி, விற்பனைக்கு வந்த இசைக்கு அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மைக் வழியாக வந்தது யாருடைய குரல் என்று பெட்டிக்குத் தெரியாது. அதனால் அனலாக் வழியாக, அதாவது மைக்கோ சாதாரண ஒலி வயரோ வழியாக, வரும் எதையும் அடுத்தவர் சொத்தாகவே எடுத்துக்கொள்கிறது: ஒரு தலைமுறை டிஜிட்டல் நகலுக்கு அனுமதி, அதோடு சரி. பாடியவரே சம்மதித்தாலும் அந்தச் சம்மதத்தைப் பெட்டியிடம் சொல்ல எந்தப் பொத்தானும் கிடையாது.

அண்ணன் கடைசியில் சிவப்பு வெள்ளை வயரை மாட்டி அனலாக்கில் எடுத்தார். அது நடக்கும், சட்டமும் தடுக்காது. ஆனால் ஓடும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், ஒலியளவைக் கையால் சரிபார்க்க வேண்டும். டிராக் குறிகளும் கூட வராது. ரெக்கார்டர் மௌனத்தைப் பார்த்துத் தானாகக் குறி வைக்கும். அம்மா இழுத்துப் பாடிவிட்டு மூச்சு வாங்க நிற்கும் இடத்திலெல்லாம் அது புது டிராக் தொடங்கிவிட்டது. அக்கா கைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே தாலாட்டு ஏழு துண்டாக இருந்தது.

காலி சிடி கதை தனி. கம்ப்யூட்டருக்கு என்று ஐம்பது வாங்கிக் கொண்டுவந்தால் ரெக்கார்டர் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. ‘மியூசிக்’ என்று அச்சிட்டது வேண்டுமாம். இரண்டிலும் 80 நிமிடம்தான், 99 டிராக்தான். ரெக்கார்டர் பார்ப்பது, தயாரிக்கும்போதே சிடியின் பள்ளத்தில் எழுதப்பட்ட ஓர் அடையாளத்தை. மியூசிக் சிடியைத் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ விற்கும் விலையில் 3 சதவீதம் இசை உரிமையாளர்களுக்கு உரிமைத்தொகையாகப் போகிறது. ரெக்கார்டருக்கும் அதே மாதிரி 2 சதவீதம், குறைந்தது 1 டாலர். அம்மா பாட்டைப் பதியவும் நான் அதைக் கட்டியிருக்கிறேன். இதற்குப் பதிலாக, சொந்த உபயோகத்துக்கு நகல் எடுப்பவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1008-ஆம் பிரிவில் உறுதி கொடுத்தீர்கள். நல்ல பிரிவு, அதில் கை வைக்காதீர்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை என்று 1999-இல் ரியோ எம்பி3 பிளேயர் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணனிடம் இருக்கும் அதே சிடியை என் மகள் போன மாதம் லேப்டாப்பில் போட்டாள். காபி ஆறுவதற்குள் குடும்பத்தில் எல்லாருக்கும் போய்விட்டது. ‘தொழில்முறை’ ரெக்கார்டர்களுக்கும் விலக்கு உண்டு. ஆக, மிச்சம் மாட்டிக்கொண்டது வரவேற்பறைப் பெட்டி மட்டும்தான்.

ஒன்றை நினைவூட்டுகிறேன். டாட் என்ற டிஜிட்டல் ஒலிநாடா வந்த புதிதில், இசையிலிருந்து 3,840 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, அந்த வெட்டைக் கண்டால் ரெக்கார்டர் நின்றுவிடும்படி இசைக் கம்பெனிகளிடமிருந்து ஒரு திட்டம் வந்தது. பியானோவில் அந்த இடம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிறது, யாருக்கும் கேட்காது என்றார்கள். அதைச் சோதிக்கச் சொன்னது உங்கள் காங்கிரஸ்தான். சில பாடல்களில் வெட்டு காதுக்குத் தெரிகிறது, திட்டம் எப்போதும் வேலை செய்வதில்லை, ஏமாற்றுவதும் சுலபம் என்று 1988-இல் தேசியத் தரநிர்ணயப் பணியகம் அறிக்கை கொடுத்தது. திட்டம் அதோடு படுத்துவிட்டது. எஸ்.சி.எம்.எஸ்.ஸையும் ஒருமுறை அப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள், ஒரு வீட்டில் உட்கார்ந்து.

நான் கேட்பது ஒரு திருத்தம்தான். அனலாக் உள்ளீடு வழியாகப் பதிந்ததை எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் டிஜிட்டலாக நகலெடுக்க விடும் ரெக்கார்டரும் 1002-ஆம் பிரிவை மீறியதாகாது என்று சேருங்கள். இதை வைத்துக் கடைப் பாட்டையும் அனலாக்கில் ஏற்றி ஊருக்கே கொடுப்பார்களே என்பீர்கள். அப்படிச் செய்ய நினைப்பவரிடம் லேப்டாப் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏழு துண்டான தாலாட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கடைக்குட்டி,
நியூ ஜெர்சி