சனிக்கிழமை ஃப்ளை கட்டுகிறோம், ஞாயிறு ஆற்றுக்கு

நண்பர்களே, ஞாயிறு காலை ஆற்றுக்கு மீன்பிடிப் பயணம் உறுதி. அதற்கு முந்தைய நாள் மாலை எல்லோரும் கூடி ஃப்ளை கட்டுவோம், அதாவது தூண்டில் முள்ளில் இறகு, நூல் சுற்றிச் செய்யும் பூச்சி போன்ற போலி இரை. வைஸ் (முள்ளைப் பிடித்துவைக்கும் பிடிகருவி) இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

ட்ரவுட் மீனுக்கு 14, 16ஆம் எண் முள் வேண்டும். புதியவர்கள் கவனிக்க: எண் கூடக் கூட முள் சிறிதாகும். போன முறை ஒருவர் 4ஆம் எண்ணோடு வந்துவிட்டார், பெயர் சொல்லமாட்டேன்! மிதக்கும் ட்ரை ஃப்ளை பார்க்க அழகுதான். ஆனால் ட்ரவுட் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் மேயும். அதனால் முதலில் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் கட்டுவோம், நீருக்குள் வாழும் இளம்பூச்சி போன்ற ஃப்ளை அது. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. அவர் கட்டுவதற்கு நூலே தொடவில்லை. ஃபெசன்ட் பறவையின் வால் இறகிழையும் மெல்லிய செம்புக் கம்பியும்தான். கம்பியின் கனமே அதை மூழ்கவும் வைக்கும். கட்டும்போது முள்ளின் கண்ணை (தூண்டில் நரம்பு கோக்கும் துளை) ஒட்டிக் கொஞ்சம் இடம் விடுங்கள். எல்லோரும் சறுக்குவது அங்கேதான், நானும் சேர்த்து.

பாஸ் மீனுக்கு 6ஆம் எண் முள்ளில் வூலி பகர் என்ற ஃப்ளை, ஆளுக்கு இரண்டு. பைக் மீன் தேடுபவர்கள் ஃப்ளைக்கு முன்னால் கம்பி லீடர் (நரம்பின் நுனியில் சேர்க்கும் கம்பித் துண்டு) கட்டாயம் போடுங்கள், அதன் பல்லுக்கு நைலான் தாங்காது.

அப்புறம், பிடித்த மீனைத் திரும்ப விடப்போகிறோம். முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை இடுக்கியால் அமுக்கிவிட்டு வாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் தூண்டில் வீசக் கூடாது. வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே பதில் போடுங்கள்.